பிளெண்டர்ல 3டி மாடலிங் கத்துக்கறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காசு செலவில்லாம 3டி மாடலிங் கத்துக்கணும்னு வர்றவங்க கேக்கறது எல்லாம் சுத்திச் சுத்தி இதே கேள்விங்க தான், அதனால ஒரே இடத்துல எழுதிப் போட்டுடறேன். பெரும்பாலும் 3டி மாடல் செய்யற பிளெண்டர் பத்தி, நடுவுல கொஞ்சம் ஃப்ரீகேட் (அளவு வச்சு மெஷின் பாகம் வரையறது), இங்க்ஸ்கேப் (2டி படம் வரையறது), மூணுமே இலவச சாஃப்ட்வேர். ஷார்ட்கட் எல்லாம் டீஃபால்ட் செட்டிங்ல இருக்கறது, நீங்க எதையாவது மாத்தி வச்சிருந்தா கம்பெனி பொறுப்பில்ல.

நிஜமாவே ஃப்ரீயா? ஒரு மாசம் கழிச்சு காசு கேக்குமா?

கேக்காது. ட்ரயல் கிடையாது, வாட்டர்மார்க் கிடையாது, லாகின் கூட கிடையாது. இதுக்குப் பின்னாடி ஒரு கதை இருக்கு. நெதர்லாந்துல டோன் ரோசண்டால்னு ஒருத்தர், அவரோட அனிமேஷன் ஸ்டுடியோ நியோஜியோ, அங்க சொந்த உபயோகத்துக்கு 1994ல உருவானது தான் பிளெண்டர். அப்புறம் இதை வச்சு பிசினஸ் பண்ணலாம்னு நாட் எ நம்பர்னு ஒரு கம்பெனி வந்துச்சு, 2002ல இழுத்து மூடிட்டாங்க. முதலீடு போட்டவங்க 1,00,000 யூரோ குடுத்தா சோர்ஸ் கோடை விட்டுடறோம்னு சொல்ல, அதை யூஸ் பண்ணிட்டிருந்த ஜனங்களே உலகம் முழுக்க இருந்து ஏழு வாரத்துல அந்தப் பணத்தை சேத்துக் குடுத்துட்டாங்க. 2002 அக்டோபர் 13ல ஜிபிஎல்னு, யார் வேணும்னாலும் யூஸ் பண்ணலாம், மாத்திக்கலாம்ங்கற லைசென்ஸ்ல வெளிய வந்துச்சு. அந்த லைசென்ஸ்ல ஒரு தடவை வெளிய விட்டதை திரும்பப் புடுங்க முடியாது, அது தான் விஷயம்.

நீங்க செய்யற மாடல் உங்களோடது. விக்கலாம், க்ளையண்டுக்கு குடுக்கலாம், யாரையும் கேக்க வேண்டாம்.

எங்க டவுன்லோட் பண்றது?

பிளெண்டர் டாட் ஆர்க், வேற எங்கயும் வேண்டாம். கூகுள்ல தேடும்போது மேல விளம்பரமா வர்ற லிங்க்கை தொடாதீங்க, அசல் மாதிரியே இருக்கற டூப்ளிகேட் சைட்டுல வைரஸை ஏத்தி குடுக்கறவங்க இருக்காங்க. காலேஜ் லேப்ல அட்மின் பாஸ்வேர்ட் இல்லன்னு சொல்றவங்க ஜிப் ஃபைலை எடுங்க, பிரிச்சு பென்டிரைவ்ல வச்சே ஓட்டலாம், இன்ஸ்டால் தேவையில்ல. எல்டிஎஸ்னு (நீண்ட நாள் சப்போர்ட்) போட்டிருக்கற வெர்ஷனை எடுத்தீங்கன்னா ரெண்டு வருஷத்துக்கு பக் சரி பண்ணிட்டே இருப்பாங்க, கத்துக்கறவங்களுக்கு அது போதும்.

அக்கா, என்கிட்ட 4 ஜிபி ராம் லேப்டாப் தான். வேஸ்ட்டா?

குறைஞ்சது 8 ஜிபி வேணும்னு அவங்களே போட்டிருக்காங்க, கிராஃபிக்ஸ் பக்கம் ஓபன்ஜிஎல் 4.3ங்கற தரத்தை சப்போர்ட் பண்ணணும். ஆனா ஒண்ணு புரிஞ்சுக்கங்க, மாடலிங் (உருவம் செய்யறது) வேற, ரெண்டரிங் (அதைப் படமா எடுக்கறது) வேற. ஒரு நாற்காலி, ஒரு பீரோ, ஒரு ஸ்கூட்டர் டயர்னு மாடல் பண்றதுக்கு லேப்டாப் திணறாது. ஃபோட்டோ மாதிரி படமா எடுக்கணும்னு எஃப்12 அமுக்கறப்ப தான் ஃபேன் அலறும். கத்துக்கற முதல் சில மாசம் உங்களுக்கு ரெண்டரே தேவைப்படாது.

புது வெர்ஷன் தொறக்கவே மாட்டேங்குதுன்னா பழைய வெர்ஷன் எல்லாம் அவங்க சைட்டுலயே இருக்கு, 2.83 இல்ல 2.93 எல்டிஎஸ் எடுங்க. 2.79க்கு மட்டும் போயிடாதீங்க. அது லேசா ஓடும் தான், ஆனா 2019ல 2.80 வந்தப்ப ஸ்க்ரீனையே தலைகீழா மாத்திட்டாங்க, பழசுல செலக்ட் பண்றதே ரைட் க்ளிக்ல, அதுல பழகிட்டு இன்னிக்கு வர்ற வீடியோவைப் பாத்தா ஒண்ணும் ஒத்து வராது.

ராமை விட முக்கியமா ஒண்ணு சொல்றேன், வீல் வச்ச மவுஸ் வாங்குங்க. டச்பேட்ல மாடலிங் பண்றது தண்டனை. நம்பர் பேட் இல்லாத லேப்டாப்னா ப்ரிஃபரன்ஸஸ்ல இன்புட் பக்கம் போயி எமுலேட் நம்பேட் டிக் பண்ணிக்கலாம், இல்லன்னா டில்டே (~) கீயை அமுக்கினா ஃப்ரண்ட், டாப், ரைட் எல்லாம் வட்டமா வரும்.

போன்ல பண்ண முடியுமா?

முடியாது.

டோனட்லயிருந்து தான் ஆரம்பிக்கணுமா?

ஆண்ட்ரூ ப்ரைஸோட டோனட் வீடியோவைத் தான் எல்லாரும் சொல்வாங்க, நல்ல வீடியோ தான், குறை சொல்ல மாட்டேன். ஆனா அதுல மாடலிங், மெட்டீரியல், லைட், அனிமேஷன்னு எல்லாத்தையும் தொட்டுட்டுப் போவாங்க. மாடலிங் மட்டும் கெட்டியா வரணும்னா கைக்கு எட்டற பொருளை வச்சு ஆரம்பிங்க. என்கிட்ட கேக்கறவங்களுக்கு நான் சொல்றது எவர்சில்வர் டம்ளர். ஈஸியா தெரியும், ஆனா ஒழுங்கா செஞ்சா பாதி மாடலிங் அதுலயே இருக்கு.

முதல்ல கம்ப்யூட்டரைத் தொடாதீங்க. டம்ளரைக் கையில எடுத்து ஸ்கேல் வச்சு அளங்க. வாய் ஒரு 7 சென்டிமீட்டர், அடி 5, உயரம் 9 இருக்கும்னு வச்சுக்கங்க. வாய் ஓரத்தை விரலால தடவிப் பாருங்க, தகடு அப்படியே முடியாது, உதட்டை வெட்டாம இருக்க வெளிப்பக்கம் சுருட்டி விட்டிருப்பாங்க. கவுத்துப் பாத்தா அடி மட்டமா இருக்காது, நடு கொஞ்சம் உள்ள ஏறி ஓரம் மட்டும் வளையமா தரையில உக்காரும். இந்த ரெண்டையும் பாக்காம செய்யறவங்களோட டம்ளர் தான் பேப்பர் கப் மாதிரி வரும்.

இப்ப பிளெண்டர். இருக்கற க்யூபை எக்ஸ் அமுக்கி தூக்கிடுங்க. ஷிஃப்ட் ஏ, மெஷ், சிலிண்டர். கீழ இடது மூலைல ஒரு சின்னப் பெட்டி தொறக்கும், வெர்டெக்ஸ் (சுத்தி வர்ற புள்ளிங்க) 32, ரேடியஸ் 0.35, டெப்த் 0.9 போடுங்க, அளவு மீட்டர்ல. பத்து மடங்கு பெருசா போடறோம், ஏன்னா நிஜ அளவுல வச்சு ரொம்ப கிட்ட ஜூம் பண்ணா பொருள் பாதியில வெட்டுப்பட்டுத் தெரியும், ஆரம்பத்துல அந்தத் தொல்லை வேண்டாம். டேப் அமுக்கி எடிட் மோடு, 3 அமுக்கி ஃபேஸ் (தளம்). மேல் மூடியை செலக்ட் பண்ணி எக்ஸ், ஃபேஸஸ், போச்சு. அடி ஃபேஸை செலக்ட் பண்ணி எஸ், 0.71, என்டர். சாய்வு வந்துருச்சா? அடி செலக்ட் ஆகியிருக்கும்போதே ஐ அமுக்கி கொஞ்சம் உள்ள இழுத்தா இன்னொரு வட்டம் வரும், அதை ஜி, இசட், 0.02ன்னு மேல தூக்குங்க. அடி குழி ரெடி.

வாய்க்கு வாங்க. 2 அமுக்கி எட்ஜ் (விளிம்பு) மோடு, ஆல்ட்டைப் பிடிச்சுட்டு ஓரத்தை க்ளிக் பண்ணா சுத்தி மொத்த வளையமும் மாட்டும். ஈ அமுக்கி உடனே எஸ், 1.04. திரும்ப ஈ, இசட், மைனஸ் 0.02. திரும்ப ஈ, எஸ், 0.98. இவ்வளவு தான் அந்த சுருட்டல். டேப் அமுக்கி வெளிய வந்து மாடிஃபையர்ல (மாடலை மாத்தாம மேல போடற எஃபெக்ட்) சாலிடிஃபை சேத்து தடிமன் 0.006, அப்புறம் கண்ட்ரோல் 2, அது சப்டிவிஷன் சர்ஃபேஸ், வழவழன்னு ஆக்கறது. ரைட் க்ளிக், ஷேட் ஸ்மூத்.

இப்ப பாத்தா அடி மொழுமொழுன்னு உருண்டு போயிருக்கும், எல்லாரும் இங்க தான் "எனக்கு வரல"ம்பாங்க. சப்டிவிஷன் எல்லா மூலையையும் உருட்டத் தான் செய்யும், எங்க உருட்டக் கூடாதுன்னு நாம தான் சொல்லணும். எடிட் மோடுல கண்ட்ரோல் ஆர் அமுக்கி சுவர்ல ஒரு வளையம் போட்டு அதை அடி ஓரத்துக்கு கிட்ட தள்ளுங்க. தள்ளத் தள்ள மூலை கூர்மையாகறது கண்ணு முன்னாடி தெரியும். இந்த ஒரு விஷயம் புரிஞ்சா கார் பாடி வரைக்கும் போகலாம், மிகைப்படுத்தல.

வீடியோ பாத்தா வருது, தனியா உக்காந்தா ஒண்ணும் வரல. என்ன பிரச்சினை?

அதிகமா வர்ற கேள்வி இது தான். வீடியோவுல ஒருத்தர் முன்னாடியே யோசிச்சு முடிச்ச முடிவை நீங்க டைப் அடிக்கறீங்க, அவ்வளவு தான் நடக்குது. இந்தப் பொருளை சிலிண்டர்ல ஆரம்பிக்கலாமா ப்ளேன்ல ஆரம்பிக்கலாமா, பாதி செஞ்சு மிர்ரர் போடலாமா, ஒரு துண்டா ரெண்டு துண்டான்னு முடிவெடுக்கறது தான் மாடலிங். அதை அவர் பண்ணிட்டார், உங்க விரலுக்கு மட்டும் பயிற்சி.

நான் சொல்ற வழி கொஞ்சம் கடுப்பா இருக்கும். ஒரு வீடியோ பாத்தா அதுல இருக்கற பொருளை செய்யாதீங்க, அதே டெக்னிக் வர்ற வேற பொருளை வீட்டுல தேடுங்க. அவர் டேபிள் ஃபேன் செஞ்சா நீங்க மிக்ஸி செய்ங்க. அவர் படிக்கட்டுக்கு அர்ரே மாடிஃபையர் (ஒரே துண்டை வரிசையா அடுக்கறது) போட்டா நீங்க பஸ் ஜன்னல் கம்பிக்குப் போடுங்க. சிக்கினீங்கன்னா அந்த இடத்தை மட்டும் தேடிப் பாருங்க. ஒரு பொருளுக்கு நாலு பக்கமும் ஃபோட்டோ எடுத்து வச்சுக்கங்க, முன்பக்க ஃபோட்டோவை நம்பேட் 1 வியூல இழுத்துப் போட்டா பின்னாடி நிக்கும், அதும் மேல மாடல் பண்ணலாம். தூரத்துல நின்னு ஜூம் பண்ணி எடுங்க, கிட்ட நின்னு எடுத்தா நடு உப்பி ஓரம் சுருங்கி அளவே பொய் சொல்லும்.

எத்தனை ஷார்ட்கட் மனப்பாடம் பண்ணணும்?

ஜி நகர்த்த, ஆர் திருப்ப, எஸ் பெருசு சின்னதாக்க, ஈ இழுக்க, ஐ உள்ள ஒரு ஃபேஸ், கண்ட்ரோல் ஆர் வளையம், கண்ட்ரோல் பி மூலை மழுக்க (இது தான் பெவல்), டேப் உள்ள வெளிய. இதுக்கு மேல எது வேணும்னாலும் எஃப்3 அமுக்கி பேரைத் தட்டினா வரும். சுவத்துல ஒட்டற சார்ட் எல்லாம் அழகுக்கு தான்.

மாடல்ல கறுப்பு கறுப்பா திட்டு விழுது / பெவல் கோணலா வருது / இழுத்தா கிழியுது. ஏன்?

மூணும் வேற வேற வியாதி.

கறுப்புத் திட்டுன்னா பெரும்பாலும் ஃபேஸ் உள்பக்கம் திரும்பி நிக்குது. ஓவர்லே மெனுல ஃபேஸ் ஓரியண்டேஷன் போடுங்க, திரும்பினது சிவப்பா தெரியும். எடிட் மோடுல ஏ அமுக்கி எல்லாத்தையும் எடுத்து ஷிஃப்ட் என், சரியாகிடும்.

பெவல் ஒரு பக்கம் தடிமனா ஒரு பக்கம் ஒல்லியா வருதுன்னா ஆப்ஜெக்ட் மோடுல ஸ்கேல் பண்ணிட்டு அப்படியே விட்டிருக்கீங்க. என் அமுக்கி பாத்தா ஸ்கேல் 1, 1, 1 இருக்காது. கண்ட்ரோல் ஏ, ஸ்கேல். ஆப்ஜெக்ட் மோடுல ஸ்கேல் பண்ணா இதைச் செஞ்சுட்டு தான் அடுத்த வேலைன்னு பழக்கமாக்கிக்கங்க.

மூணாவது தான் கள்ளத்தனமான ஒண்ணு. ஈ அமுக்கிட்டு வேண்டாம்னு ரைட் க்ளிக் பண்ணா இழுத்தது மட்டும் தான் கேன்சல் ஆகும், புதுசா பொறந்த புள்ளிங்க பழைய புள்ளிங்க மேலயே உக்காந்திருக்கும், கண்ணுக்கே தெரியாது. ரைட் க்ளிக்கோட கண்ட்ரோல் இசட்டும் ஒரு தடவை அடிங்க. ஏற்கனவே ஆகிப்போச்சுன்னா எல்லாத்தையும் செலக்ட் பண்ணி எம், மெர்ஜ் பை டிஸ்டன்ஸ், எத்தனை புள்ளி போச்சுன்னு கீழ எழுதும், அந்த நம்பரைப் பாத்து சிரிப்பு வரும்.

டம்ளருக்கு மெட்டல் போட்டேன், எவர்சில்வர் மாதிரியே இல்ல, சாம்பல் பெயின்ட் அடிச்ச மாதிரி இருக்கு.

மெட்டாலிக் 1, ரஃப்னஸ் 0.2 போட்டிருப்பீங்க, அது சரி தான். ஆனா எவர்சில்வருக்குன்னு தனியா கலர் எங்க இருக்கு, சுத்தி இருக்கறதைத் தானே காட்டும். உங்க சீன்ல சுத்தி வெறும் சாம்பல், அதைக் காட்டுது. பாலி ஹேவன்னு ஒரு சைட்டுல போயி ஒரு எச்டிஆர்ஐ (சுத்துப்புறத்தை வெளிச்சத்தோட முழுசா எடுத்த படம்) எடுங்க, எல்லாம் சிசி0, அதாவது கிரெடிட் கூட போட வேண்டாம், கமர்ஷியலா யூஸ் பண்ணலாம். வேர்ல்ட் டேப்ல கலருக்குப் பக்கத்துல இருக்கற புள்ளியை அமுக்கி என்விரான்மென்ட் டெக்ஸ்ச்சர் போட்டு அந்த ஃபைலைக் குடுங்க. ஜன்னல் இருக்கற ரூம் படமா எடுத்தா டம்ளர்ல ஜன்னல் கோடு நீளமா விழும், அப்ப தான் ஸ்டீலுக்கு உயிர் வரும்.

ஒரு படம் ரெண்டர் ஆக ஒரு மணி நேரம் ஆகுது.

பிளெண்டர்ல ரெண்டர் பண்ற இன்ஜின் ரெண்டு, சைக்கிள்ஸ், ஈவீ. சைக்கிள்ஸ்ல மேக்ஸ் சாம்பிள்ஸ் எவ்வளவுன்னு பாருங்க, டீஃபால்ட்ல 4096 இருக்கும். 128 போட்டு டீநாய்ஸ் (புள்ளி புள்ளியா வர்றதை நீக்கறது) டிக் பண்ணுங்க. பழகற படத்துக்கு வித்தியாசம் கண்டுபிடிக்க மாட்டீங்க. இல்லன்னா ஈவீக்கு மாத்துங்க, அது கேம் மாதிரி சட்டுனு வரையறது, நிழல், பிரதிபலிப்பு கொஞ்சம் ஏமாத்து வேலை. ஈவீன்னா மட்டமா நினைக்காதீங்க, 2025ல ஆஸ்கர் வாங்கின ஃப்ளோ படம், லாட்வியா நாட்டுப் படம், பிளெண்டர்ல ஈவீயில ரெண்டர் பண்ணது தான்.

தமிழ்ல பேரு 3டியா எழுதணும். "கொ" அடிச்சா எழுத்து தாறுமாறா வருது.

ஃபான்ட் தப்பு இல்ல. நான் யூஸ் பண்ண வெர்ஷன்கள்ல டெக்ஸ்ட் ஆப்ஜெக்ட் எழுத்தை வந்த வரிசையில அப்படியே அடுக்கிடும், கொம்பை முன்னாடி கொண்டு போகணும்னு அதுக்குத் தெரியாது. சுத்து வழி இருக்கு, அதுவும் ஃப்ரீ. இங்க்ஸ்கேப்ல தமிழ்ல டைப் பண்ணுங்க, அங்க ஒழுங்கா வரும். பாத் மெனுல ஆப்ஜெக்ட் டூ பாத் குடுத்து எஸ்விஜியா (கோடா வரையற பட ஃபைல்) சேவ் பண்ணுங்க. பிளெண்டர்ல இம்போர்ட் எஸ்விஜி. ஒண்ணும் வரலியேன்னு பதறாதீங்க, ரொம்பக் குட்டியா வந்திருக்கும், செலக்ட் பண்ணி நம்பேட்ல புள்ளி கீயை அமுக்கினா கிட்ட போயி காட்டும், பெருசாக்கிக்கங்க. கர்வ் டேட்டாவுல ஜியோமெட்ரிக்குள்ள எக்ஸ்ட்ரூட் குடுத்தா தடிமன் வந்துரும், பெவல் கொஞ்சம் குடுத்தா கல்யாண மண்டப போர்டு மாதிரியே ஆகிடும். "ழ" "ஞ" மாதிரி வளைவு அதிகமா இருக்கற எழுத்துல பெவல் ஜாஸ்தி போனா உள்ள ஒண்ணுக்கு மேல ஒண்ணு ஏறும், குறைச்சே வைங்க.

நான் மெக்கானிக்கல் டிப்ளமோ. எனக்கு பிளெண்டரா ஃப்ரீகேடா?

ஃப்ரீகேட். யோசிக்கவே வேண்டாம். மிக்ஸி திருகற குமிழ் உடைஞ்சு போச்சுன்னு வைங்க, உள்ள டி ஷேப்ல ஓட்டை, வெர்னியர் வச்சு அளந்து 6 மில்லிமீட்டர்னு ஸ்கெட்ச்சர்ல போட்டு, பேட் குடுத்து உயரமாக்கி, பாக்கெட் குடுத்து ஓட்டை போட்டு பிரிண்ட் எடுக்கறீங்க. பிரிண்ட்ல ஓட்டை கொஞ்சம் சின்னதா தான் வரும், டைட்டா இருக்கு. ஃப்ரீகேட்ல அந்த 6ஐ 6.2ன்னு மாத்தினா மிச்சம் எல்லாம் தானா மாறும். பிளெண்டர்ல அது புள்ளிகளா தான் இருக்கு, திரும்ப கையால நகர்த்தணும். ரொம்ப வருஷமா ஃப்ரீகேட்ல ஒரு தலைவலி இருந்துச்சு, முன்னாடி ஒரு ஸ்கெட்ச்சை மாத்தினா பின்னாடி இருக்கற ஃபீச்சர் எல்லாம் வேற ஃபேஸ்ல போயி ஒட்டிக்கும், 2024 நவம்பர்ல வந்த 1.0ல அதைப் பெருமளவுக்கு சரி பண்ணிட்டாங்க. அதனால பழைய வெர்ஷனை எடுக்காதீங்க.

சிலை, கேரக்டர், செடி, முகம், கேம் சாமான்னா பிளெண்டர். மில்லிமீட்டர் கணக்குல இன்னொரு பாகத்தோட பொருந்தணும்னா ஃப்ரீகேட்.

நகைப்பட்டறை வச்சிருக்கோம். டிசைனுக்கு இது ஆகுமா?

ஆகும். ஜுவல்கிராஃப்ட்னு கல் பதிக்கறதுக்குன்னே ஒரு ஃப்ரீ ஆட்ஆன் இருக்கு. யூனிட்டை மில்லிமீட்டர்ல வச்சு, முடிஞ்சதும் எஸ்டிஎல்லா (3டி பிரிண்டருக்குக் குடுக்கற ஃபைல்) எடுத்து மெழுகு பிரிண்டருக்கு குடுக்கலாம். மெஷ்ல எங்கயும் ஓட்டை இருக்கக் கூடாது, 3டி பிரிண்ட் டூல்பாக்ஸ்னு எக்ஸ்டென்ஷன்ல கிடைக்கறதை வச்சு செக் பண்ணிக்கங்க. ஆனா உங்க காஸ்டிங் ஆள் வேற சாஃப்ட்வேர் ஃபைலே வேணும்னு பிடிவாதம் பிடிச்சா அவர்கிட்ட முதல்ல பேசிட்டு ஆரம்பிங்க. காஸ்டிங்ல சுருங்கறதுக்கு எவ்வளவு கூட்டி வைக்கணும்னும் அவரைத் தான் கேக்கணும்.

ஸ்டுடியோவுல மாயா தெரியுமான்னு தான கேக்கறாங்க?

நிறைய இடத்துல கேக்கறாங்க, உண்மை தான். மாயாங்கறது காசு குடுத்து வாங்கற 3டி சாஃப்ட்வேர், அதுல தான் வேலை முழுக்க ஓடற பெரிய ஸ்டுடியோவுக்குப் போகணும்னா கடைசில அதையும் கத்துக்கணும். ஆனா இன்டர்வியூல உங்க வயர்ஃப்ரேமைத் தான் (மாடலோட கோட்டு வலை) பாப்பாங்க. கண்ணைச் சுத்தி, வாயைச் சுத்தி வளையம் ஒழுங்கா ஓடுதா, தேவையில்லாம முக்கோணம் கெடக்குதா, யூவி (மேல படம் ஒட்ட தோலை தட்டையா விரிக்கறது) நேரா பிரிச்சிருக்கா. இது பிளெண்டர்ல வந்தா மாயாவுலயும் வரும், பட்டன் இருக்கற இடம் தான் மாறும். கோர்ஸ்ல சேரணும்னு நினைக்கறவங்க அங்க படிக்கற பசங்களோட வயர்ஃப்ரேமை கேட்டு வாங்கிப் பாருங்க, பளபளன்னு ரெண்டர் பண்ண போஸ்டரைப் பாத்து ஃபீஸ் கட்டாதீங்க.

ஏஐ கிட்ட சொன்னா மாடல் குடுத்துடுதே, எதுக்கு கத்துக்கணும்?

குடுக்குது, வாங்கி டேப் அமுக்கி எடிட் மோடுல பாருங்க. முக்கோணக் குப்பையா, ஒரு லட்சம் ஃபேஸ், மூடியும் டப்பாவும் ஒட்டிப் போயி இருக்கும். தூரத்துல நிக்கற சாமானுக்கு அப்படியே விட்டுடலாம், மூடி தொறக்கணும்னா யாராவது உக்காந்து திரும்ப கட்டணும். அந்த யாராவது மாடலிங் தெரிஞ்ச ஆள் தான்.

பையன் எட்டாவது படிக்கறான், குடுக்கலாமா?

தாராளமா. கணக்கு மிஸ் சொல்லிக் குடுக்கற எக்ஸ், ஒய், இசட் அச்சு எல்லாம் ஒரே நாள்ல புரிஞ்சிரும். பக்கத்துல உக்காந்து "ஏன்டா இன்னும் அனிமேஷன் வரல"ன்னு மட்டும் கேக்காதீங்க.

ஃப்ரெண்டுக்கு ஃபைல் அனுப்பினா எல்லாம் பிங்க்கா தெரியுதாம்.

டெக்ஸ்ச்சர் படம் உங்க கம்ப்யூட்டர்லயே இருக்கு. ஃபைல் மெனு, எக்ஸ்டெர்னல் டேட்டா, பேக் ரிசோர்ஸஸ் குடுத்து சேவ் பண்ணி அனுப்புங்க.

கரண்ட் போயிடுச்சு, சேவ் பண்ணல. அவ்வளவு தானா?

இல்ல. ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை ஆட்டோ சேவ் ஆகும், ஃபைல் மெனு, ரெகவர், ஆட்டோ சேவ் போனா லிஸ்ட் வரும், நேரத்தைப் பாத்து கடைசி ஃபைலை எடுங்க. ஒண்ணே ஒண்ணு, நீளமா எடிட் மோடுக்குள்ளயே உக்காந்து வேலை பாத்திருந்தா கடைசி மாற்றம் எல்லாம் அதுல இல்லாம போகலாம், அதனால அப்பப்ப டேப் அமுக்கி வெளிய வந்துட்டுப் போங்க. தப்பா எதையோ அழிச்சுட்டு சேவும் பண்ணிட்டீங்கன்னா அதே ஃபோல்டர்ல பிளெண்ட்1னு முடியற ஒரு ஃபைல் இருக்கும், அதுக்கு முந்தின சேவ் அது, கடைசில இருக்கற 1ஐ எடுத்துட்டு ஃபைலுக்கு வேற பேர் வச்சு தொறங்க. திரும்ப ஒரு தடவை சேவ் பண்ணா அதும் மேல எழுதிடும், அதனால பதட்டத்துல கண்ட்ரோல் எஸ் அடிக்காதீங்க.